கறிவேப்பிலையும் கணையநீரும்

காரியம் முடியும்வரை உடன் வைத்துக்கொண்டு, முடிந்தபின் ஒதுக்கிவிடப்படும் மனிதனைக் 'கறிவேப்பிலை' என்று கூறுவது நம் நாட்டு வழக்கு. மணத்திற்காகத் தாளிதத்தில் இடப்பட்டு, உண்ணும்பொழுது இலையின் ஓரத்திற்குத் தள்ளப்படும் அந்தச் சிறு தழைக்கு இதனினும் பொருத்தமான பட்டம் கிடைக்காது. ஆயினும், தமிழகத்தை விட்டு வந்து பிற மாநிலங்களில் வாழும் நமக்கு அதன் அருமை தெரியும். ஊரில் காய்கறி வாங்கினால் கொசுறாகக் கிடைத்த இலையைத் தில்லியிலும் நாகபுரியிலும் காசு கொடுத்து வாங்குகிறோம். மண்தொட்டியில் ஒரு கன்றை நட்டு வளர்க்கிறோம். தில்லிக் குளிரில் அஃது இலையுதிர்த்து மொட்டைக் குச்சியாக நிற்கும்போது, மாசி பிறந்து துளிர் விடுமா என்று நாள்தோறும் பார்த்து நிற்கிறோம்.

அந்த இலையைப் பற்றியே இன்று பேசப் புகுகிறோம். ஆனால், சமையலறையிலிருந்து நேராக அதனிடம் செல்ல இயலாது. நாம் உண்ணும் நெய்யும் எண்ணெயும் உடலுக்குள் எவ்வாறு செரிக்கின்றன, அச்செரிமானத்தைத் தடுக்கும் ஆற்றல் இலைச்சாறுகளுக்கு உண்டு என்பது எவ்வாறு அறியப்பட்டது என்னும் நானூறு ஆண்டு வரலாற்றின் வழியாகவே அதனை அடைய வேண்டும். சற்றுச் சுற்றுவழிதான், எனினும் காணத்தக்க காட்சிகள் பல உள்ள வழி.

இவ்வரலாறு இத்தாலியில் தொடங்குகிறது. 1622ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், காஸ்பரே அசெல்லி என்னும் உடற்கூற்று அறிஞர், சற்றுமுன் வயிறார உண்டிருந்த நாயொன்றின் வயிற்றைத் திறந்து ஆராய்ந்துகொண்டிருந்தார். குடலைத் தாங்கும் சவ்வின்மீது வெண்ணிற நூல்கள் பல பரவிக் கிடந்தன. நரம்புகள் என்றே அவர் முதலில் எண்ணினார். அவற்றுள் ஒன்றைக் கத்தியால் கீறியபோது பால்போன்ற வெண்ணீர் வெளிப்பட்டது. உண்ணாத நாய்களில் அந்நூல்கள் கண்ணுக்குப் புலப்படவில்லை. உண்ட நாய்களில் மட்டுமே வெளுத்துத் தோன்றின. உணவின் சாரத்தை ஏந்திச் செல்லும் குழாய்கள் இவை என்று அசெல்லி உணர்ந்தார். அக்கண்டுபிடிப்பைக் கூறும் அவருடைய நூல், அவர் மறைந்த பின்னர் 1627இல் வெளிவந்தது. அக்குழாய்கள் ஈரலுக்குச் செல்கின்றன என்று அவர் கருதியது பிழை. எனினும், உண்ட கொழுப்பு உடலுக்குள் புகும் வாயில் அன்று அவர் கண்ணுக்குத் தெரிந்தது.

வாயில் தெரிந்தது; வாயிலில் நிகழ்வது யாது என்பது தெரியவில்லை. எண்ணெய் நீரில் கரையாது. குடலோ நீர் நிறைந்த இடம். கரையாத பொருள் எவ்வாறு குடற்சுவரைக் கடக்கிறது? இவ்வினாவிற்கு விடை காண இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதற்கு முன்னர், கொழுப்பு என்பது என்ன என்பதை இரசாயனம் கூற வேண்டியிருந்தது. பிரெஞ்சு நாட்டு இரசாயனியான ஷெவ்ரல், சவர்க்காரம் காய்ச்சும் முறையை நுணுகி ஆராய்ந்து, கொழுப்பு தனிப்பொருளன்று. கொழுப்பு அமிலங்களும் கிளிசரின் என்னும் இனிய திரவமும் ஒன்றோடொன்று பிணைந்த பொருளே அது என்று 1823இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். காரத்தோடு காய்ச்சினால் அப்பிணைப்பு அறுகிறது. அதன் விளைவே சவர்க்காரம். இந்த ஷெவ்ரல் 102 ஆண்டு வாழ்ந்து 1889இல் மறைந்தவர். தாம் வகுத்த அறிவின்மேல் பிறர் எழுப்பிய மாளிகையைக் கண்ணாரக் கண்டு சென்ற பேறு அவருக்கு வாய்த்தது.

சவர்க்காரக் கொப்பரையில் நெடுநேரம் காய்ச்சி அறுக்கும் பிணைப்பை, நம் குடல் உடற்சூட்டிலேயே சில மணி நேரத்தில் அறுத்துவிடுகிறது. எதனால்? இதனைக் கண்டவர் கிளாட் பெர்னார் என்னும் பிரெஞ்சு உடலியல் அறிஞர். அவர் கண்ட விதம் விஞ்ஞான வரலாற்றில் சுவைமிக்க கதைகளுள் ஒன்று.

1846ஆம் ஆண்டில் ஒரு நாள், சந்தையிலிருந்து வாங்கிவந்த முயல்கள் அவருடைய ஆய்வறை மேசையின்மேல் விடப்பட்டன. அவை கழித்த சிறுநீர் தெளிவாகவும் அமிலத்தன்மை உடையதாகவும் இருந்ததைப் பெர்னார் கவனித்தார். மற்றவர் துடைத்துவிட்டுச் சென்றிருப்பர், அவர் சிந்திக்கலானார். தழை தின்னும் விலங்கின் சிறுநீர் கலங்கலாகவும் காரத்தன்மை உடையதாகவும் அல்லவா இருத்தல் வேண்டும்? ஊன் தின்னும் விலங்கின் இயல்பு முயலுக்கு எங்கிருந்து வந்தது? இவை நெடுநேரம் பட்டினி கிடந்து, தம் உடல் தசையையே உணவாகக் கொண்டு உயிர் வாழ்ந்திருக்க வேண்டும் என்று ஊகித்தார். ஊகத்தைச் சோதிக்க முயல்களுக்குப் புல்லிட்டார், சிறுநீர் கலங்கிற்று. பட்டினியிட்டார், தெளிந்தது. வேகவைத்த மாட்டிறைச்சியை ஊட்டினார். அப்பொழுதும் தெளிவாகவே இருந்தது. ஊகம் மெய்யாயிற்று.

இறைச்சி தின்ற அம்முயல்களை அறுத்துப் பார்த்தபோதுதான் எதிர்பாராத ஒன்று கண்ணிற்பட்டது. அசெல்லி கண்ட அந்த வெண்ணூல்கள் முயலின் குடலில் இரைப்பையை அடுத்துத் தொடங்கவில்லை. ஏறக்குறைய ஓர் அடி தள்ளியே தொடங்கின. நாயிலோ அவை மிக அருகிலேயே தொடங்குகின்றன. இவ்வேறுபாட்டின் காரணம் யாது? முயலின் உடற்கூற்றை மேலும் ஆராய்ந்தார். கணையத்திலிருந்து வரும் குழாய் முயலில் அந்த ஓரடித் தொலைவில்தான் குடலோடு சேர்கிறது. பித்தநீர்க் குழாயோ இரைப்பையை அடுத்தே திறந்துவிடுகிறது. பித்தநீர் மட்டும் கலந்த பகுதியில் வெண்ணூல் இல்லை. கணையநீரும் கலந்தபின் வெண்ணூல் உண்டு. ஆகவே, கொழுப்பைக் குடல் ஏற்கும் பக்குவத்திற்குக் கொண்டுவருவதில் கணையநீருக்கு முதன்மையான பங்கு உண்டு என்பது வெளிப்பட்டது. பின்னர்க் கணையநீரைத் தனியே எடுத்து எண்ணெயோடு கலந்தார். எண்ணெய் பாலாகக் குழம்பிற்று. சிறிது நேரத்தில் அமிலமும் தோன்றிற்று. ஷெவ்ரல் கொப்பரையில் கண்டது பெர்னாரின் கிண்ணத்தில் நெருப்பின்றி நிகழ்ந்தது. இந்த ஆய்வுகளை விரித்துரைக்கும் அவருடைய நூல் 1856இல் வெளிவந்தது.

பெர்னாரின் மாணவரான டாஸ்டர் பின்னாளில் இதற்கு நேர்மாறான சோதனை ஒன்று செய்தார். நாயின் பித்தநீர்ப் பாதையை மாற்றி, கணையநீர் சேரும் இடத்திற்கு நெடுந்தொலைவு கீழே சேர்த்துவிட்டார். அப்பொழுது பித்தநீர் சேர்ந்த இடத்திற்குப் பின்னரே வெண்ணூல்கள் தோன்றின. ஆகவே, இரண்டும் வேண்டும். பித்தநீர் கொழுப்பைச் சிறு சிறு துளிகளாகச் சிதறச் செய்கிறது. கணையநீர் அத்துளிகளைத் தாக்கிப் பிணைப்பை அறுக்கிறது. ஆசிரியர் கண்ட உண்மையில் பாதி குறைந்திருந்தது. மாணவர் அதனை நிறைவு செய்தார்.

கணையநீரில் இவ்வேலையைச் செய்யும் பொருளுக்கு 'லைபேஸ்' என்று பெயர். இத்தகைய பொருள்களின் பொதுப்பெயரான 'என்சைம்' என்பது, 1877ஆம் ஆண்டளவில் ஹைடல்பர்க் நகரத்துப் பேராசிரியர் கூனே வழங்கிய சொல். கிரேக்க மொழியில் அதற்குப் 'புளித்த மாவிலுள்ளது' என்பது போன்ற பொருள். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இவ்விடத்தில் ஒரு மகிழ்ச்சி உண்டு. தமிழில் இதற்கு 'நொதி' என்னும் சொல் அமைந்திருக்கிறது. நொதித்தல் என்பது புளித்துப் பொங்குதல். கிரேக்கன் ரொட்டி மாவிலே கண்டதைத் தமிழன் இட்டலி மாவிலே கண்டான் என்று கொள்ளலாம். அயற்சொல்லின் வேரும் தமிழ்ச்சொல்லின் வேரும் இவ்வாறு ஒரே பானைக்குள் கைகோத்து நிற்பது அருமையிலும் அருமை.

நொதி எவ்வாறு தொழிற்படுகிறது? 1894இல் எமில் பிஷர் என்னும் செருமானிய இரசாயனி ஓர் உவமை கூறினார். பூட்டுக்கு ஏற்ற சாவி போல, ஒவ்வொரு நொதிக்கும் தனக்கேற்ற பொருளே பொருந்தும் என்றார். மனிதக் கணைய லைபேஸின் முழு வடிவம் 1990இல் வெளியிடப்பட்டபோது அந்த உவமைக்கு ஒரு புதிய அழகு சேர்ந்தது. அந்நொதியின் தொழிற்படும் குழியின்மேல் ஒரு மூடி போன்ற உறுப்பு இருக்கிறது. கொழுப்புத் துளியின் மேற்பரப்பை அடையும்போது அம்மூடி விலகுகிறது. குழி வெளிப்பட்டுக் கொழுப்பைப் பற்றுகிறது. பூட்டுக்கு ஒரு கதவும் உண்டு என்று அறிந்தோம்.

சாவி பொருந்தும் துளையில் வேறொரு துரும்பைச் செருகிவிட்டால் பூட்டு திறவாது அன்றோ? நொதியைத் தடுக்கும் பொருள்களுள் பல செய்வது இதுவே. லைபேஸைத் தடுத்தால் உண்ட கொழுப்பில் ஒரு பகுதி சிதையாமலே நின்றுவிடும். சிதையாத கொழுப்பு குடற்சுவரைக் கடவாது, மலத்தோடு வெளியேறும்.

செரிமானத்தைத் தடுப்பதற்கு ஒருவன் மருந்து தேடுவானா என்று நம் பாட்டனார் கேட்டிருப்பர். அவர்கள் காலத்தில் செரிக்கவைக்கவே மருந்து. இஞ்சியும் ஓமமும் சுக்கும் அதற்காகவே வீட்டில் இருந்தன. 1943இல் வங்கத்துப் பஞ்சத்தில் மக்கள் ஒரு வாய்க் கஞ்சிக்கு ஏங்கி மடிந்த நாட்டில், உண்ட நெய்யை ஒட்டாமல் வெளியேற்றும் வழி தேடுவது அன்று கொடிய நகையாக இருந்திருக்கும். ஆனால் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பற்றாக்குறையோடு மிகைநோயும் உலகில் பரவியது. உடற்பருமனும் அதன் வழியே வரும் நீரிழிவும் இதயநோயும் மருத்துவர்களைக் கவலைகொள்ளச் செய்தன. பசியைக் குறைக்கும் மருந்துகள் மூளையையும் இதயத்தையும் தொட்டு இடர் விளைத்தமையால், குடலுக்குள்ளேயே நின்று தொழிற்படும் மருந்தொன்றை அவர்கள் நாடினர்.

அம்மருந்து முதலில் இலையிலிருந்து வரவில்லை, மண்ணிலிருந்து வந்தது. மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்று சுரக்கும் 'லிப்ஸ்டாடின்' என்னும் பொருள் கணைய லைபேஸை உறுதியாகப் பற்றி முடக்கிவிடுகிறது என்ற செய்தி 1987இல் வெளியாயிற்று. அதனைச் சிறிது மாற்றி அமைத்த 'ஆர்லிஸ்டாட்' என்னும் மருந்திற்கு 1999இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. உணவோடு 120 மில்லிகிராம் அளவு உட்கொண்டால், உண்ட கொழுப்பில் ஏறக்குறைய 30 விழுக்காடு செரியாமல் வெளியேறும். ஆனால் வெளியேறும் கொழுப்பு அமைதியாக வெளியேறுவதில்லை. எண்ணெய்க் கழிச்சலும், அடக்க இயலாத அவசரமும் பலரை வருத்தின. கொழுப்பில் கரையும் ஏ, டி, ஈ, கே என்னும் உயிர்ச்சத்துகளும் அதனோடு சேர்ந்து குறைந்தன. இவற்றுக்குப் பின்னரே, இதனினும் மென்மையான தடுப்பான் தாவரங்களில் கிடைக்குமா என்னும் தேட்டம் வலுப்பெற்றது.

செடி எதற்காக லைபேஸைத் தடுக்கும் பொருளை ஆக்க வேண்டும்? இலைக்கு ஓட இயலாது. கொம்போ நகமோ இல்லை. தன்னைத் தின்ன வரும் பூச்சியையும் பூஞ்சையையும் இரசாயனத்தாலேயே அது எதிர்கொள்கிறது. துவர்ப்பும் கசப்பும் மணமும் பெரும்பாலும் அந்தப் போர்க்கருவிகளே. தன் பகைவரை நோக்கிச் செடி வடித்த அம்பு சிலவேளை நம் குடலின் நொதியிலும் தைக்கிறது.

ஆராய்ச்சி செய்யும் முறை எளிதே. இலையை உலர்த்திப் பொடித்து, சாராயம் போன்ற திரவத்தில் ஊறவைத்து, சாற்றை வடித்துச் சுண்டச் செய்வர். பன்றி முதலிய விலங்குகளின் கணையத்திலிருந்து எடுத்த லைபேஸை ஒரு சிறு கலத்தில் இட்டு, அறுபட்டால் மஞ்சள் நிறம் காட்டும் செயற்கைப் பொருளொன்றை அதனோடு சேர்ப்பர். நொதி வேலை செய்தால் மஞ்சள் பொங்கும். இலைச்சாற்றைக் கலந்தபின் மஞ்சள் வெளிறினால், சாறு நொதியைத் தடுத்தது என்பது பொருள். எவ்வளவு குறைந்த சாற்றால் நொதியின் வேலை பாதியாகிறது என்பதே அச்சாற்றின் வலிமைக்கு அளவுகோல்.

இவ்வாறு பல நாட்டு இலைகள் சோதனைக்கு வந்தன. சப்பானிய ஆராய்ச்சியாளர் 2004இல், ஐரோப்பியர் சமையலில் மணத்திற்காக இடும் சேஜ் என்னும் செடியின் இலையிலிருந்து கார்னோசிக் அமிலத்தைப் பிரித்து, அது லைபேஸை வலுவாகத் தடுப்பதைக் காட்டினர். 2005இல், ஊலாங் என்னும் சீனத்துத் தேயிலையின் 54 துவர்ப்புப் பொருள்கள் ஒவ்வொன்றாகச் சோதிக்கப்பட்டன. கடுக்காயிலும் நெல்லியிலும் உள்ள காலிக் அமிலத்தின் உறுப்பு எப்பொருளில் ஒட்டியிருந்ததோ, அப்பொருளின் தடுக்கும் ஆற்றல் மிகுந்திருந்தது. 2006இல் தாமரை இலைச்சாறு எலிகளிடத்தே சோதிக்கப்பட்டது. சீனத்தில் தாமரை இலையைக் கொதிக்கவைத்துப் பருகும் பழக்கம் நெடுங்காலமாக உண்டு.

இனி, நம் இலைக்கு வருவோம். பத்துப்பாட்டில் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, தொண்டைமான் இளந்திரையனிடம் செல்லும் வழியில் பாணன் பெறும் விருந்துகளைக் கூறுகிறது. அவற்றுள் ஒன்று, மாதுளங்காயை மிளகோடும் 'கஞ்சக'த்தின் நறுந்தளிரோடும் சேர்த்து வெண்ணெயில் வேகவைத்த கறி. கஞ்சகம் என்பது கருவேம்பு, அதாவது நம் கறிவேப்பிலை, என்பது உரை. வெண்ணெயும் கறிவேப்பிலையும் ஒரே சட்டியில் கூடியது நேற்றோ இன்றோ அன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. ஆயின், பழம்புலவர் அதன் மணத்தைத்தான் போற்றினாரேயன்றிக் கொழுப்பைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. நாமும் அவர் கூறாததை அவர் வாயில் வைத்துப் பேசுதல் கூடாது.

இவ்விலையின் பெயர் ஒரு சிறிய பாரதப் பயணம். தமிழில் கறிவேப்பிலை, மலையாளத்தில் கறிவேப்பில, தெலுங்கில் கரிவேபாக்கு, கன்னடத்தில் கரிபேவு, மராட்டியில் கடிலிம்பு, இந்தியில் மீட்டா நீம். எங்கும் வேம்பு இதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இலையின் அடுக்கும் தோற்றமும் வேம்பை ஒத்திருப்பதே காரணம். உண்மையில் இது வேம்பின் குடும்பமன்று. எலுமிச்சை, நாரத்தை, வில்வம் ஆகியவற்றின் குடும்பம். இலையைக் கசக்கி முகர்ந்தால் அந்த உறவு மூக்கிற்குத் தெரியும்.

இதனை ஐரோப்பிய அறிவுலகிற்கு அறிமுகப்படுத்திய கதை தமிழகத்துக் கடற்கரையோடு தொடர்புடையது. தேனியர் ஆண்ட தரங்கம்பாடிக்கு, அங்கிருந்த சமயப் பணியாளர்களின் மருத்துவராக 1768இல் வந்தவர் யோகான் கெர்கார்டு கோனிக். தாவர நூலின் தந்தை எனப்படும் லின்னேயசின் மாணவர் அவர். நம் காட்டுச் செடிகளையும் கொல்லைச் செடிகளையும் உலர்த்தி ஆசிரியருக்கு அனுப்பிவந்தார். 1771இல் லின்னேயசு கறிவேப்பிலைச் செடிக்கு மாணவரின் பெயரைச் சேர்த்துப் 'பெர்கேரா கோனிகி' என்று பெயரிட்டார். 1825இல் ஸ்பிரெங்கல் என்பார் அதனை 'முர்ரயா கோனிகி' என்று மாற்றினார். அதுவே நெடுங்காலம் வழங்கிற்று. அண்மைக்காலத்தில் தாவரவியலார் பலர் லின்னேயசின் பழம்பெயருக்கே திரும்பியுள்ளனர். பெயர் எப்படி மாறினும் கோனிக் மட்டும் இலையை விட்டு நீங்கவில்லை. ஆர்க்காட்டு நவாபிடமும் கிழக்கிந்தியக் கம்பெனியிடமும் பணியாற்றி, 1785இல் காக்கிநாடாவை அடுத்த சகந்நாதபுரத்தில் அவர் காலமானார். தாய்நாட்டை விட்டு வந்து, வந்த நாட்டின் செடியிலே பெயர் நிலைத்தவர். பிற மாநிலத்தில் வாழும் நமக்கு அவர்மேல் ஒரு தனிப்பரிவு தோன்றுவது இயல்பே.

செடியின் உள்ளிருக்கும் பொருள்களைக் கண்டவர்களோ நம் நாட்டு விஞ்ஞானிகள். அந்நாளில் கல்கத்தா என வழங்கிய கொல்கத்தாவில், சகதீச சந்திர போசு 1917இல் நிறுவிய ஆராய்ச்சி நிலையத்தில், டி. பி. சக்கரவர்த்தியும் அவருடைய துணைவரும் இச்செடியின் பட்டையிலிருந்து 'முர்ரயானின்' என்னும் பொருளைப் பிரித்து, அதன் அமைப்பை 1965இல் வெளியிட்டனர். கார்பசோல் என்னும் இரசாயனக் கட்டமைப்பு உயிருள்ள செடியொன்றில் கண்டறியப்பட்டது அதுவே முதன்முறை. 1968இல் புனேயிலிருந்து நரசிம்மன் குழுவினர் மகாநிம்பின், கோநிம்பின் என்பவற்றின் அமைப்பை அறிவித்தனர். இலக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தாரும் அதே காலத்தில் இவ்வகைப் பொருள்களை ஆராய்ந்தனர். கோநிம்பின் என்னும் பெயரை உற்றுக் கேளுங்கள். தரங்கம்பாடி மருத்துவரின் கோனிக்கும் வடமொழி நிம்பமாகிய வேம்பும் அதில் இணைந்து ஒலிக்கின்றன.

நாற்பது ஆண்டுகள் கழிந்தன. பஞ்சாபில், சண்டிகருக்கு அருகிலுள்ள மொகாலியின் தேசிய மருந்தியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தார், பல செடிகளின் சாறுகளைக் கணைய லைபேஸின்மேல் சோதித்துவந்தனர். கறிவேப்பிலைச்சாறு நொதியை நன்கு தடுப்பதைக் கண்டு, அச்சாற்றைப் பகுத்துப் பகுத்து, வலிமை எப்பகுதியில் நிற்கிறது என்று தொடர்ந்து சென்றனர். 2009இல் வெளியான அவர்கள் முடிவின்படி, வலிமையில் முதலிடம் பெற்றது மகாநிம்பின். லிட்டருக்குச் சுமார் 18 மைக்ரோமோல் அளவிலேயே அது நொதியின் வேலையைப் பாதியாக்கிற்று. அதே விளைவிற்குக் கோநிம்பின் ஏறக்குறைய ஒன்பது மடங்கு வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு, கொழுப்பு மிகுந்த தீனி கொடுத்துப் பருக்கச் செய்த எலிகளுக்கு இலைச்சாற்றையும் மகாநிம்பினையும் கொடுத்ததில், உடல் எடை ஏறுவது குறைந்ததோடு இரத்தத்துக் கொழுப்பும் குறைந்ததாக அவர்கள் அறிவித்தனர். தென்னாட்டுச் சமையலறையின் இலைக்கு வடமேற்குக் கோடியில் நற்சான்று கிடைத்தது.

இந்த இடத்தில் பேச்சை நிறுத்திக்கொண்டால் கேட்போர் மகிழ்வர். ஆனால் அது நேர்மையாகாது. நம்மைப் பற்றிய ஒரு செய்தியை இங்கே கூறியாக வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், நாம் வாழும் குடியிருப்பின் தமிழன்பர்கள் பொங்கலுக்காக ஒரு சிறு மலர் வெளியிட்டார்கள். அதில் இந்தக் கறிவேப்பிலை ஆராய்ச்சியைப் பற்றி அரைப்பக்கம் மொழிபெயர்த்துக் கொடுத்தோம். மூலத்தில் 'கண்ணாடிக் கலத்தில் நடத்திய சோதனையில்' என்னும் பொருள்தரும் தொடர் ஒன்று இருந்தது. வாக்கியம் நீள்கிறதே என்று அதனை விட்டுவிட்டோம். 'தடுத்தது' என்பது 'தடுக்கும்' என்றாயிற்று. ஓசை நன்றாகத்தான் இருந்தது. மூன்று திங்கள் கழித்து, கணக்குத் துறையில் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் நம்மைத் தேடி வந்தார். மலரைப் படித்தது முதல் விடியற்காலையில் ஒரு பிடி இலையை அரைத்து உண்டு, மருத்துவர் தந்த கொழுப்பு மாத்திரையை நிறுத்திவிட்டாராம். இரத்தப் பரிசோதனையில் அளவு பழைய நிலைக்கே ஏறிவிட்டதென்று மருத்துவர் கடிந்துகொண்டாராம்.

"தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்துத்தானே செய்தேன்? இலை கொழுப்பைத் தடுக்கும் என்று அச்சிலே இருக்கிறதே!" என்றார். சினந்து கூறவில்லை, உண்மையாகவே விளங்காமல் கேட்டார். அதுதான் நம்மை மிகவும் வருத்தியது. நல்வேளையாக அவருக்கு வேறு தீங்கு நேரவில்லை. மாத்திரையை மறுபடியும் தொடங்கிவிட்டார்.

அன்று இரவு அமர்ந்து, நாம் செய்த பிழை எத்தனை என்று எண்ணிப் பார்த்தோம். மூன்று இருந்தன.

முதலாவது, கண்ணாடிக் கலம் குடலன்று. கலத்தில் சாறும் நொதியும் நேருக்கு நேர் நிற்கின்றன. குடலிலோ பித்தநீர் உண்டு, பிற உணவு உண்டு, இரைப்பையின் அமிலத்தைக் கடந்து வர வேண்டும். நொதியும் ஓயாது சுரந்துகொண்டே இருக்கிறது.

இரண்டாவது, அளவு. எலிகளுக்குக் கொடுத்த சாறு, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவிற்கும் நாளொன்றுக்கு 300 மில்லிகிராம். எலிக்குரிய அளவை மனிதனுக்கு அப்படியே பெருக்குதல் முறையன்று. ஆயினும் ஒரு மதிப்பிற்காகப் பெருக்கிப் பார்த்தால், 60 கிலோ எடையுள்ளவருக்கு 18 கிராம் சாறு என்று வரும். அது இலையின் எடையன்று. இலையிலிருந்து வடித்துச் சுண்டச் செய்த சாற்றின் எடை. இரசத்தில் மிதக்கும் பத்து இலைகள் எங்கே, அந்த அளவு எங்கே!

மூன்றாவது பிழை சொல்லின் பிழை. ஆகவே நம் தொழிலின் பிழை. தமிழில் 'கொழுப்பு' என்னும் ஒரே சொல், நாம் உண்ணும் நெய்யையும் குறிக்கிறது. இரத்தத்தில் மருத்துவர் அளக்கும் கொலஸ்டிராலையும் குறிக்கிறது. கணைய லைபேஸ் தாக்குவது குடலுக்கு வந்த உணவுக் கொழுப்பை. கொலஸ்டிராலிலோ பெரும்பங்கை நம் உடலே, சிறப்பாக ஈரலே, ஆக்கிக்கொள்கிறது. கொலஸ்டிராலுக்கென வழக்கமாகக் கொடுக்கும் மாத்திரை தொழிற்படுவதும் அங்கேதான். ஒன்று வாயிற்காவல், மற்றொன்று உள்வீட்டு நிருவாகம். காவலன் இருக்கிறான் என்று உள்வீட்டுக் கணக்கரை வேலையிலிருந்து நீக்கியது போலாயிற்று பெரியவர் செய்தது. அந்த இரண்டையும் ஒரு சொல்லால் கூறி அவரை மயங்கவைத்தவர் நாம்.

ஆதலால் நேயர்களே, இலைகளைப் பற்றி இன்று நாம் உறுதியாகக் கூறக்கூடியது இவ்வளவே. தேயிலை, தாமரையிலை, கறிவேப்பிலை முதலிய பலவற்றில் கணைய லைபேஸைத் தடுக்கும் பொருள்கள் உள்ளன. இது கலத்தில் மெய்ப்பிக்கப்பட்டது. சிலவற்றுக்கு விலங்குகளிடத்தும் சான்று உண்டு. ஆனால் மருத்துவர் எழுதித் தரும் மருந்துக்கு ஈடாக நிற்கும் அளவிற்கு இவ்விலைகளுள் ஒன்றும் மனிதரிடத்தே நிறுவப்படவில்லை. அசெல்லி ஒரு பாதி கண்டார். பெர்னார் மேலும் ஒரு பகுதி கண்டார். டாஸ்டர் அதனைத் திருத்தி நிரப்பினார். இலைகளின் கதையும் அவ்வாறே பாதிவழியில் நிற்கிறது. பாதிவழியில் நிற்பதை முடிவென்று விற்கும் பொடிப் பொட்டலங்கள் கடைகளில் வந்துவிட்டன. அவற்றை வாங்குமுன், 'இச்சோதனை கலத்திலா, எலியிலா, மனிதரிலா?' என்னும் ஒரு வினாவைக் கேட்டுவிடுங்கள். விடை வராவிடில் காசு மிச்சம்.

அவ்வாறெனின் இலையை ஒதுக்கிவிடலாமா? கூடாது. மருந்தாக நில்லாதது உணவாகவும் நில்லாது என்பது இல்லை. அதன் மணமும் சத்தும் பழந்தமிழர் காலம் முதல் நம் உணவிற்கு உரியவை. அவற்றுக்கு ஆய்வறையின் சான்று தேவையில்லை. தட்டின் ஓரத்தில் கிடப்பதை எடுத்து மென்று உண்ணுங்கள். நெய்யையும் அளவோடு இட்டுக்கொள்ளுங்கள். மருத்துவர் கொடுத்த மாத்திரையையும் தவறாமல் உண்ணுங்கள்.

அந்தப் பெரியவர் இப்பொழுதும் அவ்வப்போது நம் வீட்டிற்கு வருவார். எங்கள் தொட்டிச் செடியில் ஓர் இணுக்கு ஒடித்துக்கொள்வார். "இரசத்திற்குத்தான், தம்பி" என்று தாமே சொல்லிவிட்டுச் சிரிப்பார். மலரின் அடுத்த இதழில் அந்த விடுபட்ட தொடரைச் சேர்த்து ஒரு திருத்தம் வெளியிட்டோம். நான்கே சொற்கள்தாம்: கண்ணாடிக் கலத்தில் நடத்திய சோதனையில்.